ஒரே ஓர் இருமல்

“ஊரார் வீட்டு ஆளுங்க மேல நான் கை பழகலாம், உங்க வீட்டுக்காரரை மட்டும் தொடக் கூடாதா மேடம்?”

கேட்டே விட்டாள் மாணவி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவிகளைக் கவனிக்கும் சீனியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயிற்சிக்கு வரும் பெண்கள் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர் வைத்தது சும்மாவா?

“போய் மூணாம் பெட்டைப் பாரு.”

“பார்த்தாச்சு. அவருக்குச் சளி எடுத்தது நான்தான். ‘நல்லாச் செய்யறே’ன்னு சொன்னது நீங்கதான். இங்க வந்தா மட்டும் என் கை அழுகிடுச்சா?”

“வாய் நீளுது உனக்கு.”

நீளாமல் என்ன செய்யும்? தொண்டைக் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்க, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தான்.

“டியூப் உள்ளே போனா ஆள் இருமணும். இருமினா மூளை இன்னும் முழிச்சிருக்குன்னு அர்த்தம். இருமலையா, அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட சொல்லு. மூடி மறைச்சே, தொலைச்சிடுவேன்” என்று கண்ணை உருட்டியவள்.

அப்படிப்பட்டவள், கணவர் விபத்தில் மண்டை உடைந்து இங்கே வந்ததிலிருந்து வேறு ஒருத்தரையும் கிட்டே அண்டவிடவில்லை. டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

கருவி அலறியது. சளி அடைத்துக்கொண்டிருந்தது. சீனியர் எடுத்த டியூப் கை நழுவித் தரையில் விழுந்தது.

“நகருங்க மேடம்!”

மாணவி புது டியூபைப் பிரித்தாள். சொல்லிக்கொடுத்தது போலவே விட்டாள். சளி வந்தது. அலறல் நின்றது.

இருமல் வரவில்லை.

இன்னொரு முறை விட்டாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

மாணவி நிமிர்ந்தாள். “மேடம்... நான் ஏதாவது தப்பா...”

“இல்லடி. ரொம்பச் சரியாத்தான் செஞ்சே.” சிடுமூஞ்சி கணவரின் வாயோரத்தைத் துடைத்தாள். “காலையிலேர்ந்தே அப்படித்தான். நீ தப்பாச் செஞ்சுடுவேன்னா உன்னைக் கிட்ட விடலை? சரியாச் செஞ்சு, போய்ச் சொல்லிடுவேன்னுதான்.”

டாக்டரைக் கூப்பிட, மாணவி மெதுவாக போனை நோக்கி நடந்தாள். சீனியர் தடுக்கவில்லை.

கணவரின் காதருகே குனிந்தாள்.

“ஒரே ஒரு தடவை இருமிடுங்களேன். பாவம், பொண்ணு பயந்துபோயிட்டா.”