நடுக் கட்டத்தில் நாலு விரல்

மூன்றாவது தடவையும் பிரதீஷ் துடைத்துவிட்டான். மூன்றாவது தடவையும் அந்த நாலு விரல்கள் குழந்தையின் தோளில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பட்டப்பகலில், மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்த போட்டோ ஸ்டூடியோவில், வெளிச்சமான மானிட்டரிலேயே பேய். கீழே சுமைக்காரர்கள் போட்ட கூச்சல்கூட அவனுக்குத் துணையாகப் படவில்லை.

படத்தைக் கொண்டுவந்தவள் அனந்தலக்ஷ்மி மாமி. முன்பின் பார்த்திராத முகம்.

"ஒரே படந்தான். ஆனா அஞ்சு படத்தைப் பக்கத்துல பக்கத்துல சாய்ச்சு வெச்சாப்போல, வெள்ளை பார்டரோட வேணும். இப்போ கல்யாண ஆல்பத்துல எல்லாம் பண்றாளே, அது."

இரண்டாயிரத்து ஐந்தில் எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் அதுதான். "போட்டோஷாப்புல செஞ்சு தராம் மாமி" என்றான் பிரதீஷ்.

"நடுக் கட்டத்துல குட்டியும் அவ தோளும் முழுசா வரணும். மத்தவா எங்கே வெட்டுப்பட்டாலும் சாரமில்லை, பரவால்லை."

பழைய ஸ்டூடியோப் படம். அப்பா, சித்தப்பா, அத்தை, நடுவில் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை.

"குட்டியோட அம்மை எவிடே மாமி?"

"அம்மா இல்லாம வளர்ந்த குட்டியாக்கும். ஞாயித்துக்கிழமை எர்ணாகுளத்துல அவளுக்குக் கல்யாணம். கல்யாணம் கழிஞ்சா துபாய்க்குப் போயிடுவா. மண்டப வாசல்ல வெச்சு இதை அவ கையில குடுத்துட்டாப் போரும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

தூரத்து உறவு அத்தை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோதுதான் அந்த விரல்களைப் பார்த்தான். படத்தில் இருந்த எல்லோருடைய கைகளும் அவரவரிடம் பத்திரமாக இருந்தன. குழந்தைக்குப் பின்னால் ஆளே இல்லை. நீலத் திரை மட்டும் தொங்கியது. திரையின் அந்த இடத்தில் மடிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது. பழைய திரை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஸ்டூடியோ முதலாளி தங்கப்பன் சேட்டன் எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார்.

"எடா, அம்மை மரிச்ச குட்டியல்லே? அவளுக்குப் போக மனசில்ல. பிள்ளையப் பிடிச்சிட்டு நிக்கறா. கல்யாண வீட்டுக்கு இந்தப் படம் போனா நம்ம ஸ்டூடியோவுக்குத்தான் கெட்ட பேரு. துடைச்சுத் தூக்கிக் கள."

அதனால்தான் இந்தத் துடைப்பு. அதற்குத்தான் விரல்கள் மசியவில்லை.

நாலாவது தடவை காரணம் புரிந்தது. அவன் துடைத்தது மேலே கிடந்த நகலில். கட்டங்களை வெட்டி எடுத்ததோ அடியில் கிடந்த மூலப் படத்திலிருந்து. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. விரல் திரும்பி வந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, சரி. விரல் யாருடையது?

குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு மூலப் படத்திலேயே கைவைத்தான். கவுனின் லேஸைத் துளித்துளியாக எடுத்து விரல்களின்மேல் ஒட்டினான். கடைசி விரல் மறையும்போது அவன் தோளை யாரோ தொட்டதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழையில் பாதி நனைந்த பட்டுப்புடவையுடன் மாமி வந்தாள். வாசலில் ஆட்டோ காத்திருந்தது. ஐந்து கட்டங்களும் அச்சாகி, சட்டமும் போட்டாகிவிட்டது. வேலை அவ்வளவு சுத்தம். பிரதீஷுக்கே பெருமை தாங்கவில்லை.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரே நடுக் கட்டத்துக்குப் போனாள். தோளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இங்கே நாலு விரல் இருந்துதே?"

"மாமியும் கண்டுச்சா? பயப்படண்டா, நான் அடியோட அழிச்சாச்சு. இனி எந்தக் கொம்பன் நினைச்சாலும் திரும்பி வராது."

ஆட்டோக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். மாமி சட்டத்தை எடுக்கவும் இல்லை, வாசலைப் பார்க்கவும் இல்லை.

"அவ அம்மாவை ஆத்தை விட்டு அனுப்பினப்போ, இந்தப் படத்துலேர்ந்தும் அவா பெயிண்ட் அடிச்சு மறைக்க வெச்சா" என்றாள் மெதுவாக. "வரைஞ்சவனுக்குக்கூட விரலை அழிக்க மனசு வரலை. நீ அழிச்சுட்டியே மோனே."

"நல்ல காரியத்துக்குத்தானே மாமி செஞ்சேன்? மரிச்சுப் போனவங்க கை, கல்யாணப் பொண்ணு மேல..."

"மரிக்கலை. உன் முன்னாலதான் நிக்கறேன்."