சாரைப்பாம்பின் பெல்லி டான்ஸ் வகுப்பு

மழை பிடித்ததும் ஏரிக்கரைச் சாரைப்பாம்பு பெல்லி டான்ஸ் வகுப்பு ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வயிறாக இருக்கிற பாம்பைவிட அந்த ஆட்டத்துக்கு வேறு யார் வாத்தியார்? பாம்பிடம் தவளைக்கு என்ன வேலை என்று ஏரியே கேட்டது. தவளை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோழி தேரையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

“போன மழைக்கு வந்தவங்களுக்கு வாள் மாதிரி பிடிச்சு ஆடத் தாழை மடல் கொடுத்தேன். இந்த மழைக்கு முக்காடு,” என்ற சாரை, தான் உரித்துப்போட்ட சட்டையை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தது. “முகத்தை மூடிக்கோங்க. கண்ணையும் மூடணும். வயிறு மட்டும்தான் ஆடணும்.”

தவளை மூச்சை இழுத்து இழுத்து வயிற்றை உருட்டியது. களைத்துப்போய் முக்காட்டை விலக்கியபோது பக்கத்தில் தேரை இல்லை. அதன் முக்காடு மட்டும் சேற்றில் கிடந்தது.

“அவ எங்கேக்கா?”

“அவ சட்டுன்னு பிடிச்சுக்கிட்டா. அவளுக்குப் பாடம் முடிஞ்சுது.”

தவளைக்கு வயிறு எரிந்தது. கூட வந்தவள் முந்திவிட்டாளே! அப்போதுதான் சாரையின் நடுவயிற்றைப் பார்த்தது. சாரை அசையாமல் படுத்திருக்க, அந்த வயிறு மட்டும் புடைத்து, உருண்டு, அங்கும் இங்கும் உதைத்து ஆடிக்கொண்டிருந்தது. அப்படியோர் ஆட்டத்தைத் தவளை கண்டதே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் தளர்ந்து, ஒருமுறை துடித்து, நின்றுபோனது.

“ஏங்க்கா நிறுத்திட்டீங்க? எனக்கு இன்னும் வரலையே!” என்று கெஞ்சிய தவளை, சேற்றில் கிடந்த முக்காட்டையும் எடுத்துத் தன் முக்காட்டின்மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடியது.