லித்தியம் பாட்டில்

அலமாரியில் லித்தியம் பொடி பாட்டில் இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அவள் மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் தேடிவிட்டாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் இரண்டே பேர். பொடிகளை நிறுத்துக் கலந்து, வில்லைகளாக அழுத்தித் தருவது அவள். அவற்றைச் சுட்டெடுப்பது உலைக்காரர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அலமாரிச் சாவி அவர்கள் இருவரிடம் மட்டுமே உண்டு. இன்று அவர் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் மனைவி இறந்ததிலிருந்தே மனிதர் பாதியாகிவிட்டார். இந்த வாரம் இன்னும் மோசம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

நேற்று திடீரென்று லித்தியம் பாட்டிலைக் காட்டி, இந்த வெள்ளைப் பொடியை யாராவது தின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அதெல்லாம் விஷம், கையில் பட்டாலே கழுவிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள். அப்போது உறைக்காதது இப்போது உறைத்தது.

அவளும் தன் கவலையிலேயே மூழ்கிக் கிடந்தாள். டின் ஆக்சைடையும் லித்தியத்தையும் சேர்த்து அவர்கள் சுட்டுப் பார்க்கும் பீங்கான், போன் கோபுரங்களில் அலையைப் பிரித்தெடுக்கும் பாகத்துக்கானது. சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் லித்தியம் ஆவியாகிப் பறந்துவிடும். வில்லை விரிசல் விடும். எட்டு மாத உழைப்பு.

போன வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவது முறையும் விரிசல்தான். சில்லுகளை மேசையில் கொட்டிவிட்டு, "போதும்ண்ணே, எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு இருக்கு" என்றாள். குறிப்பு நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனவள், இரண்டு நாள் போனை அணைத்துவிட்டுத் தூங்கினாள். அவ்வளவு அலுப்பு.

இப்போது ஒரு வாடகைக் காரைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் செருப்பு வாசலில் கிடந்தது.

தட்டினாள். பதில் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, ராத்திரி பூரா விளக்கு எரிந்தது, காலையிலிருந்து ஆள் வெளியே தலைகாட்டவில்லை என்றாள். அவள் இரண்டு கையாலும் கதவை இடித்தாள். கதவை உடைக்க ஆள் கூப்பிடச் சொல்லி அந்த அம்மாளைக் கெஞ்சினாள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. உலைக்காரர் கலைந்த தலையோடு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. விடியும்போதுதான் கண் அசந்தேன், போன் எங்கேயோ கிடக்கிறது என்று ஏதோ சொன்னார். அவள் காதில் எதுவும் விழவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேசையில், துண்டில் சுற்றிய பாட்டில். பிரித்துப் பார்த்தாள். பொடி நேற்று இருந்த அளவிலேயே இருந்தது. பாட்டிலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே இதைத் தூக்கிட்டு வந்தீங்க? அண்ணி போயிட்டா நீங்களும் போயிடணுமா?"

அவர் திகைத்துப்போய் அவளையே பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னுதாம்மா எடுத்துட்டு வந்தேன்."