எட்டுச் சோடிச் சப்பாத்து

“எங்கட சப்பாத்துகளை எண்ணுறான், தங்கராசா!”

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று சிவகுருநாதன் கிசுகிசுத்தார்.

வாசலில் பக்கத்து வீட்டுக் கிழவர் விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. எண்ணி முடித்ததும் விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

ஜெர்மனிக்கு வந்தும் நம்மவர்கள் விடாத பழக்கம், சப்பாத்தை வாசலில் கழற்றுவது. வுப்பர்டால் நகரில் இருந்து வந்த, சிவகுருநாதன் உட்பட, ஆறு பேருடையதும், வீட்டுக்காரர் தங்கராசா, புஸ்பவதியுடையதும் சேர்த்து எட்டுச் சோடி.

அது ஒரு பழைய நிலக்கரி ஊர். சுரங்கத்தை மூடி ஏழு வருஷம். அங்கே தங்கராசாவுக்கு வீடு கிடைத்த சந்தோஷத்தில் விருந்து. சனிக்கிழமை கோழிக்கறி, ஞாயிறு பயணம் என்று ஏற்பாடு. கறி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

“உவன் பொலிசுக்குச் சொல்லப் போறான். அனுமதிக் கடிதம் இல்லாமல் அகதிகள் ஊர் விட்டு ஊர் வந்திருக்கிறம். திருப்பி அனுப்ப இது காணும்!”

“அந்தாள் பாவம், அண்ணை. சிரிக்கத் தெரியாது, அவ்வளவுதான்” என்றாள் புஸ்பவதி.

“சும்மா ஆரும் சப்பாத்து எண்ணுவினமோ, தங்கச்சி?”

மற்றவர்கள் சீட்டு விளையாடப் போய்விட்டார்கள். சிவகுருநாதன் மெல்லக் கதவைத் திறந்து, தன்னுடைய சோடியை மட்டும் எடுத்துவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். பொலிஸ் வந்தால் பின்கதவால் ஓட வேண்டுமே! கூட வந்தவர்கள் வெறுங்காலோடு ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

காலையில் கதவு தட்டும் சத்தம். சிவகுருநாதன் அவசரமாகச் சப்பாத்தை மாட்டினார்.

புஸ்பவதி திறந்தாள். கிழவர்தான். பொலிஸ் இல்லை. வாசலில் இருந்த ஏழு சோடியும் சொக்லேட், தோடம்பழம், கச்சான் கடலை என்று நிறைந்து வழிந்தன.

“ஐயோ, இண்டைக்கு டிசம்பர் ஆறு!” புஸ்பவதி கைதட்டிச் சிரித்தாள். “நிக்கொலவுஸ் நாள், அண்ணை! பிள்ளையள் முதல்நாள் வாசலில சப்பாத்து வைச்சால், பெரிய ஆக்கள் விடியமுன்னம் இனிப்புப் போட்டு நிரப்புவினம்!”

கிழவர் படபடவென்று ஏதோ சொன்னார். அவர் முகத்திலும் சிரிப்பு!

“என்னவாம்?” என்று உள்ளே இருந்து சிவகுருநாதன் கேட்டார்.

“சுரங்கம் பூட்டினாப் பிறகு பிள்ளைகுட்டிக்காரர் எல்லாரும் வேறை ஊருக்குப் போட்டினமாம். நிக்கொலவுசுக்கு முதல்நாள் இந்தத் தெருவில வாசலில சப்பாத்துக் கண்டு ஏழு வருஷமாம். பெரிய ஆக்களின்ர எண்டால் என்ன, நேற்றுக் கண்ட சந்தோஷத்தில கடைக்கு ஓடினவராம்.”

எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து சொக்லேட்டை உரித்தார்கள். சிவகுருநாதன் மட்டும் உள்ளேயே நின்றார்.

கிழவரின் கையில் இன்னும் ஒரு பொதி இருந்தது. இப்போது அவர் கவலையோடு ஏதோ கேட்டார்.

புஸ்பவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

“நேற்று எட்டுச் சோடி எண்ணினவராம், அண்ணை. ஒண்டைக் காணேல்லையாம். ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள், பொலிசுக்குச் சொல்லட்டோ எண்டு கேக்கிறார்!”