பனியில் போட்ட குண்டு

கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த கமலேஸ்வரியின் முகத்துக்கு நேரே புருசன் வாமதேவன் போனை நீட்டினார்.

அவ திரும்பவில்லை. சுவிஸில் இருக்கிற மகன் லக்‌ஷனோடு ஆடி மாதத்திலிருந்து பேச்சில்லை.

சுவிஸை விட்டுக் குடும்பம் லண்டனுக்கு வந்தபோது மலையை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டவன் அவன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டா. ஸ்கீ லிஃப்டில் வேலை என்று நினைத்திருந்தவவுக்கு, பிள்ளை ஹெலிகொப்டரில் ஏறிப்போய்ப் பனியில் குண்டு போடுகிறவன் என்று தெரிந்த அன்றோடு கதை நின்றது. வேலையை விட்டால்தான் இனிப் பேச்சு.

பெற்ற வயிறு பயப்படுகிறது என்று ஈஸ்ட் ஹாமில் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வாமதேவனும் அப்படித்தான் நினைத்தார். அவன் அனுப்பின வீடியோவை ஒருக்காப் பாருமப்பா என்று மனுசன் விடாமல் நின்றார்.

பார்த்தா.

மலைச்சரிவு, காலை வெயில். அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் வருசத்தின் முதல் பனி பொல்லாதது என்று மகன் தகப்பனுக்கு விளங்கப்படுத்தியிருந்தான். ஐப்பசியில் மெல்லிசாக விழுந்தது குளிரில் கிடந்து சீனி மாதிரி உதிரியாகிவிடும். அதன்மேல் கார்த்திகைப் பனி கொட்ட, காற்று அதை அடித்து இறுக்கிவிடும். மேலே இறுக்கம், அடியில் பிடிமானமில்லை. ஒருத்தர் கால் வைத்தாலே காணும், சரிவு முழுக்க அவரோடு வந்துவிடும். அதனால்தான் இவர்கள் முந்திக்கொண்டு குண்டு போட்டு விழுத்துகிறார்கள்.

ஹெலிச் சத்தம் கேட்டது. கமலேஸ்வரியின் கை நின்றது.

ஒரு பொட்டலம் விழுந்து பனிக்குள் புதைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

வெடித்தபோதும் சின்னப் புகைதான். இவ்வளவுதானா என்று நினைக்கையில், இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

கட்டில் விரிப்பை உருவினது மாதிரி முழு வெள்ளையும் வழுக்கியது. உடைந்து, புகையாகி, மரங்களை மூடி, இன்னும் இன்னும் வந்துகொண்டேயிருந்தது. அம்மாளாச்சி, இவ்வளவும் மேலேயா இருந்தது! அவவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது.

புகை அடங்க, கீழே ஒரு ஊர் தெரிந்தது. கூரைகள், ஒரு சேர்ச். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஈரக் கையாலேயே போனைப் பறித்து மகனுக்கு அடித்தா. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"கீழை சனம் நிண்டதோ?"

லக்‌ஷன் திகைத்துப்போனான். பிறகு, விடிய முன்னமே வீடு வீடாகச் சொல்லி, றோட்டைப் பூட்டி, ஒரு குஞ்சு குருமான்கூட வெளியில் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் போடுவது என்றான்.

அவ கதிரையில் இருந்தா.

"எங்கட ஊரிலை ஹெலியாலை குண்டு போட முன்னம் உன்ர பெரிய மாமாவுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை, அப்பன்."

அண்ணை காய்ச்சலில் செத்தவர் என்றுதான், சுவிஸில் வைத்துத் தாலி கட்டிய வாமதேவனுக்கே அவ சொல்லியிருந்தா.