முந்திக்கொண்ட மறதி

அக்காவின் மறதியைப் புரிந்துகொள்ள, ஆராய்ச்சிக்காரத் தங்கை கணினியில் ஒரு மாதிரி மனசைச் செய்திருந்தாள். அக்காவுக்கு எந்தப் படம் மறந்துபோகிறதோ, அதையே அதுவும் மறக்கும். ஒரு நாள் ஏதோ ஞாபகத்தில், அக்காவிடம் காட்டுவதற்கு முன்பே சீப்புப் படத்தைக் கணினியிடம் காட்டிவிட்டாள். "தெரியலை" என்றது. அன்று மாலை அக்கா சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். மறுநாள் சாவியும் அப்படியே மறந்துபோனது.

இன்று, தன் போட்டோவையே கணினியிடம் காட்டினாள். "தங்கச்சி" என்றது. போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தெம்பில் அக்காவின் போட்டோவையும் காட்டினாள்.

"தெரியலை."

வீட்டுக்கு ஓடினாள். கண்ணாடி முன்னால் நின்றிருந்த அக்கா, நிம்மதியாகத் திரும்பினாள்.

"வந்துட்டியாடி? இந்தம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க. யாருன்னு கேட்டா, என்னையே திருப்பிக் கேக்குறாங்க."