ஈரப்பதம் நாற்பத்தொன்பது

பொறுப்புகளைச் சரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் உலகத்தில் எந்த அழிவும் நேராது என்பது ஓய்வுபெற்ற கண்காணிப்பாளரின் அசைக்க முடியாத கொள்கை.

அந்தக் கொள்கை இப்போது குஞ்சு பொரிக்கும் பெட்டியின் கண்ணாடி மூடியில், பிளாஸ்டிக் உறை போட்ட அட்டவணையாக ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே இருபத்து நான்கு கோழிமுட்டைகள்.

முட்டைகளை மூன்று வேளை திருப்புதல்: மனைவி. சூடு பார்த்துக் குறித்தல்: மனைவி. பெட்டியைத் துடைத்தல்: மனைவி. மேற்பார்வை: கண்காணிப்பாளர்.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதன்மேல் மாப்பிள்ளையின் டூல் பை உட்கார்ந்திருந்தது.

இன்று இருபதாம் நாள். மூன்று முட்டைகளில் விரிசல் விழுந்து, உள்ளிருந்து யாரோ கதவு தட்டுவதுபோல ‘டொக், டொக்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் தானியங்கி கன்ட்ரோலர். ஈரப்பதம் அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் அதுவே ஹியூமிடிஃபையரை ஓடவிடும்; ஏறினால் நிறுத்தும். ஹியூமிடிஃபையர் ஒரு குழாய் வழியாகப் பெட்டிக்குள் வெள்ளைப் புகையாக ஈரத்தை ஊதும். காலையிலிருந்து ஊதவில்லை.

பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் ஈரமானியில் சிவப்பு எழுத்து: ஐம்பத்து நான்கு.

ஐம்பதுக்குக் கீழே போய்விட்டால் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குஞ்சு வெளியே வராது. பதறிப்போய் மூடியைத் திறந்தாலோ, இருக்கிற கொஞ்ச ஈரமும் ஓடிப்போகும்.

மாப்பிள்ளை கட்டுவது பாலங்கள். இருந்தாலும் இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்தான் என்று கண்காணிப்பாளர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளையும் அதை மறுத்ததில்லை.

“மேட்ச் ஆகல மாமா,” என்றார் அவர், அடாப்டரை ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரே போலத் தூக்கிப் பிடித்து. “கன்ட்ரோலர் பன்னெண்டு வோல்ட். புகை ஊதுற மெஷின் இருபத்துநாலு வோல்ட். இந்த அடாப்டருக்கு ரெண்டோடயும் ஒறவே இல்ல.”

“பத்தொம்போது நாளா ஓடுச்சே மாப்ள?” என்றார் மனைவி.

“ஓடல அத்தை. தாங்கிக்கிட்டு இருந்துச்சு.”

கண்காணிப்பாளர் மனைவியை முறைத்தார். மனைவி மெஷினை ஒருமுறை குனிந்து பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

“நான் போய் டீ போடறேன்,” என்றார்.

ஐம்பத்து இரண்டு.

மாப்பிள்ளை பையிலிருந்து வேறு இரண்டு அடாப்டர்களை எடுத்தார். ஒன்று கன்ட்ரோலருக்கு, ஒன்று மெஷினுக்கு. வயரைப் பல்லால் சீவினார். கண்காணிப்பாளர் இன்சுலேஷன் டேப்பை, தாம்பூலத் தட்டைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் ஏந்தி நின்றார்.

‘டொக்’ என்ற சத்தங்களுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஒரு முட்டை சுத்தமாக அடங்கிவிட்டது.

மனைவி தட்டில் மூன்று டம்ளர்களோடு வந்தார். இரண்டை ஆண்களிடம் நீட்டினார். மூன்றாவதோடு, “அம்மாடி, முட்டி” என்று முனகிக்கொண்டு பெட்டியின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்பது.

கண்காணிப்பாளர் டேப்பை மாப்பிள்ளையிடம் நீட்டினார். முப்பது வருட சர்வீஸில் எந்த முடிவின் விளைவையும் அவர் அன்றைக்கே கண்டதில்லை.

“போடறேன் மாமா. தள்ளி நில்லுங்க.”

சுவிட்ச் ‘டக்’ என்றது. கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது.

நாற்பத்தொன்பது.

நாற்பத்தொன்பது.

ஐம்பத்தொன்று.

ஐம்பத்தாறு. அறுபத்து இரண்டு. அறுபத்தெட்டு. அடங்கிப்போன முட்டை முதலில் உருண்டது, பிறகு பிளந்தது. நனைந்த பஞ்சுபோல ஒன்று வெளியே விழுந்து, தலையைத் தூக்க முயன்று, தோற்று, மறுபடி முயன்றது.

“பாத்தீங்களா? மேட்சிங்,” என்றார் மாப்பிள்ளை.

கண்காணிப்பாளர் அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். “மாப்ள கை வச்சாரு, அவ்வளவுதான்! உசுரே வந்துடுச்சுடா. நீயும் உன் பொண்ணுக்குப் பார்த்தியே ஒரு பேங்க்காரனை!”

மாப்பிள்ளை ஆபரேஷன் முடித்த டாக்டரைப் போலக் கையைத் துடைத்துக்கொண்டு, டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மனைவி வாசல்வரை போய் வழியனுப்பினார்.

கண்காணிப்பாளர் குஞ்சைப் பார்க்கக் குனிந்தார்.

அப்போதுதான் கவனித்தார். குழாயில் புகை இல்லை.

பெட்டிக்கு அடியில், வெளியிலிருந்தே இழுக்கக்கூடிய தட்டு ஒன்று உண்டு. அது கால்வாசி வெளியே நின்றது. அதில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தரையில் மூன்றாவது டம்ளர் காலியாக இருந்தது. மனைவி டீயே குடிப்பதில்லை.

அவர் ஹியூமிடிஃபையரின் தொட்டி மூடியைத் திருகித் திறந்து விரலை விட்டார்.

விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது.

தலையை நிமிர்த்தினார். டூல் பை போன இடத்தில், அட்டவணையின் கடைசி வரி, அவர் கையெழுத்தில், சிவப்பு அடிக்கோட்டுடன் இருந்தது.

தொட்டியில் தண்ணீர் ஊற்றுதல், தினமும் காலை ஏழு மணி: கண்காணிப்பாளர்.

இன்றைய கட்டத்தில் ‘டிக்’ இருந்தது. நாளைய கட்டத்திலும் இருந்தது. அவர் திங்கட்கிழமையே வாரம் முழுமைக்கும் போட்டுவிடுவது வழக்கம்.